தாத்தாவோட எட்டு கீ மரக்குழல்: பேட் மாத்தியும் காத்து ஒழுகுது (வேலூர்)

பாலாற்றங்கரை · மே 6, இரவு 10.12

வணக்கம். சத்துவாச்சாரியில இருந்து எழுதறேன். பூர்வீகம் கம்மவான்பேட்டை. வேலூர்க்காரங்களுக்கு அந்த ஊரைப் பத்திச் சொல்ல வேண்டியதில்ல, வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆள். எங்க தாத்தாவும் பட்டாளம்தான். ஆனா அவர் துப்பாக்கி பிடிச்சதைவிட பேண்டுல குழல் பிடிச்சதுதான் அதிகம்னு பாட்டி சொல்லும்.

போகிக்குப் பரண் ஒழிக்கறப்ப அவரோட டிரங்குப் பெட்டியை இறக்கினோம். கம்பளிக்கு நடுவுல இந்தக் குழல். மூங்கில் இல்ல. கறுப்புன்னே சொல்லலாம்ங்கற மாதிரி அடர்பழுப்பு மரம், நல்ல கனம். நாலு துண்டா கழலுது. விரல் துளை ஆறு, அதோட வெள்ளை உலோகத்துல எட்டு கீ (துளையை மூடித் திறக்கற நெம்பு). முத்திரை தேஞ்சு போயிருக்கு, படிக்க முடியல.

சென்னையில ஒரு கடையில கொடுத்தேன் (பேர் வேண்டாம்). ரெண்டு மாசம் வச்சிருந்து 1,800 ரூபா வாங்கிட்டு, ரெண்டு எஃப் கீக்கும் மட்டும் புது பேட் (கீக்கு அடியில துளையை அடைக்கற மெத்தை) போட்டுத் தந்தாங்க. அதுவும் சூப்பர் க்ளூ வச்சு ஒட்டி! இப்ப நிலைமை இதுதான். மேல மூணு விரல் மூடினா ஜி சுரம் சுமாரா வருது. அதுக்குக் கீழ இறங்க இறங்க நோஞ்சான். ஆறு துளையும் மூடி டி ஊதினா இட்லிப் பானையில ஆவி போற சத்தம்தான்.

ஜி ஷார்ப் கீயோட ஸ்பிரிங் ஒடிஞ்சு கீ தொங்குது, விரல் வைக்கிற வால்லயும் ஒரு விரிசல். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வச்சிருக்கேன். கடைசித் துண்டுல ரெண்டு கீக்கு பேடே இல்ல, சாம்பல் நிறத்துல வெறும் உலோகக் குமிழ் தொங்குது. பேட் உதிர்ந்து போச்சு போல. அந்தக் குமிழைப் பிடுங்கிட்டுத் தோல் ஒட்டிடலாம்னு இருக்கேன். சரிதானே?

தொரப்பாடி குழல் · மே 6, இரவு 10.31

பிடுங்காதீங்க! தயவுசெய்து குறடைக் கீழ வைங்க. காலையில விவரமா எழுதறேன்.

அரக்கோணம் கிளாரினெட் · மே 7, காலை 6.05

தம்பி, நான் முப்பது வருஷமா கல்யாண மேளத்துலயும் பேண்டுலயும் கிளாரினெட் ஊதறவன். குழல் என் வாத்தியம் இல்ல, ஆனா கீ வச்ச மரம்னா எல்லாத்துக்கும் ஒரே வியாதிதான்.

முதல்ல எதையும் கழட்டாதே. ஒழுகறது எங்கன்னு தெரியாம பேட் மாத்தறது, வீடு ஒழுகுதுன்னு பாயை மாத்தற கதை. துண்டு துண்டா பிரிச்சுப் பாரு. இடது கைத் துண்டை எடு. அதுல சி, பி ஃப்ளாட், ஜி ஷார்ப்னு மூணு கீ இருக்கணும். மூணு விரல் துளையையும் மூடு, கீழ் வாயைத் தொடையில அழுத்து, மேல் வாயில உதட்டை வச்சு உறிஞ்சு. காத்து நிக்கற துண்டுன்னா நாக்கைப் பிடிச்சு இழுக்கும், விட்டா ‘பொக்’னு சத்தம் வரும். நாலஞ்சு செகண்டாவது நிக்கணும். அப்புறம் வலது கைத் துண்டு. அதுலதான் உன் குட்டை எஃப்பும் நெட்டை எஃப்பும் இருக்கு.

எது நிக்கலையோ அந்தத் துண்டுல மட்டும் வேலை வை. எந்தக் கீன்னு கண்டுபிடிக்க சிகரெட் தாளை மெல்லிசா நறுக்கி, பேடுக்கு அடியில விட்டு இழுத்துப் பாரு. முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கம். நாலு இடத்துலயும் ஒரே பிடி இருக்கணும். பீடி சுத்தற ஊர்ல சிகரெட் தாளுக்கு அலையணும், அது வேற கதை.

ரப்பர் பேண்டை இன்னைக்கே எடுத்துடு. உலோகத்துல கறுப்பு ஏறும், இந்த வெயில்ல உருகி ஒட்டிக்கும். பூ கட்டற நூலால ரெண்டு சுத்து சுத்தினா போதும்.

மூங்கில்வாசி · மே 7, காலை 9.20

திருவண்ணாமலையிலிருந்து எழுதுகிறேன். குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நம் குழலில் எட்டு விரல்துளை, ஊதும் துளை ஒன்று. கீயும் இல்லை, பேடும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. அரைத்துளையும் விரல் மாற்றும் கொண்டு குழல் மேதை மாலி இதில் கமகம் முழுவதையும் பேச வைத்தார். எட்டு நெம்புகோல்களைத் தாங்கித் தாங்கிப் பிழைக்கும் ஒரு வாத்தியத்துக்காக நேரத்தையும் பணத்தையும் ஏன் செலவிட வேண்டும்? கண்ணாடிப் பேழைக்குள் வைத்து அழகு பாருங்கள். கெடாமல் இருக்க நல்லெண்ணெய் தடவுங்கள், போதும்.

தொரப்பாடி குழல் · மே 7, காலை 11.48

நேத்து ராத்திரி அலறினதுக்குக் காரணம் சொல்றேன். அந்தச் சாம்பல் குமிழ் பேட் விழுந்து மிஞ்சின மிச்சம் இல்ல, அதுதான் மூடி. வெள்ளீயக் கலவையில வார்த்த குமிழ். அதுக்கு நேர் கீழ மரத்துல உலோகத் தகடு பதிச்சு, அதுல சரிவா துளை போட்டிருப்பாங்க. பாட்டில் மூடி மாதிரி உலோகம் உலோகத்துலயே உட்காரும். லண்டன்ல ரிச்சர்ட் பாட்டர் 1785ல வாங்கின காப்புரிமையிலேயே இந்த ஏற்பாடு இருக்கு. அதைப் பிடுங்கித் தோல் ஒட்டியிருந்தா திரும்பப் பண்ணித் தர இங்க ஆள் கிடையாது.

குமிழ் ஒழுகுதான்னு பார்க்க, அகல் விளக்குக் கரியைக் குமிழ்மேல லேசா தடவி கீயை அழுத்துங்க. தகட்டுல முழு வட்டமா கரி பட்டா நல்லா உட்காருது. பாதி வட்டம்னா நடுவுல அழுக்கு இருக்கு, இல்ல கீயைக் கோத்திருக்கற அச்சுக் கம்பி ஆடுது. பழைய மெழுகும் தூசியும் கல்லு மாதிரி இறுகியிருக்கும். பருத்தித் துணியால துடைங்க, அரம் போடாதீங்க. இன்னொண்ணு, இந்த ரெண்டு கீயும் எப்பவும் திறந்தே இருக்கறவை. சி, சி ஷார்ப் ஊதறப்ப மட்டும்தான் மூடுவோம். உங்க டி வராததுக்கு இதுக மேல பழி இல்ல. ஆனா பக்கத்துல இருக்கற டி ஷார்ப் மூடியே இருக்கற கீ. அது ஒழுகினா டி கெடும்.

கிளாரினெட் ஐயா சொன்னதோட ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கறேன். கிளாரினெட்ல கீயைத் தாங்கறது உலோகத் தூண், மரத்துல திருகியிருக்கும். பழைய குழல்ல கடைசல் பிடிக்கும்போதே மரத்தை வளையமா தடிச்சு விட்டு, வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுத்து, மிஞ்சின புடைப்புல பள்ளம் வெட்டிக் கீயை உட்கார வைப்பாங்க. அச்சு அந்தப் புடைப்பைக் குறுக்கால துளைச்சுப் போகும். வேகமா தட்டினா புடைப்பே பிளந்துடும். உடம்பும் புடைப்பும் ஒரே மரம், வேற கட்டை ஒட்டினா தெரியும், நிக்காது.

மூங்கில்வாசி ஐயாவுக்கு: மாலியைப் பத்தி மறுபேச்சு இல்ல. ஆனா இது அவங்க தாத்தா ஊதினது. நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், நாள்பட்டா கெட்டியாகிப் பிசுபிசுன்னு பேடுல ஒட்டும். உள்ளே தடவணும்னா பாதாம் எண்ணெய், அதுவும் துணியில நாலு சொட்டு. தடவறப்ப ஒவ்வொரு பேடுக்கும் அடியில பாலிதீன் துண்டு வச்சுக்கணும்.

பாலாற்றங்கரை · மே 8, இரவு 9.02

அக்கா, கோடி நன்றி. குறடை அப்பாகிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன்.

உறிஞ்சிப் பார்த்தேன். ஜி ஷார்ப்பை நூலால இறுக்கிக் கட்டினப்புறம் இடது கைத் துண்டு ஓரளவு நிக்குது. வலது கைத் துண்டு சுத்தமா நிக்கல, உறிஞ்ச உறிஞ்ச காத்து வந்துகிட்டே இருக்கு. சிகரெட் தாள் ரெண்டு எஃப் கீயிலயும் பின்பக்கம் மட்டும் பிடிக்குது, முன்பக்கம் வழுக்கிட்டு வருது.

அரக்கோணம் கிளாரினெட் · மே 8, இரவு 9.40

பின்னாடி, அதாவது அச்சுப் பக்கம், முதல்ல தொடுதுன்னா பேட் தடிமன் ஜாஸ்தி. முன்னாடி முதல்ல தொட்டா தடிமன் கம்மி. உன் கடைக்காரர் கையில கிடைச்ச கிளாரினெட் பேடை ஒட்டியிருப்பார்.

கீயைக் கழட்ட அச்சைத் தள்ளணும். அச்சைவிட ஒரு நூல் மெல்லிசான கம்பி எடுத்து, நுனியை ராவித் தட்டையாக்கு. குழலுக்கு அடியில மடிச்ச துண்டு வச்சுக் கையாலயே தள்ளு. நகரலைன்னா மறுபக்கத்துல இருந்து தள்ளிப் பாரு, சிலது ஒரு பக்கமா மட்டும்தான் வரும். சுத்தியல் எடுத்தா என்னைக் கேக்காதே. துருப்பிடிச்சிருந்தா ஊசி முனையில ஒரே ஒரு சொட்டு துரு இளக்கற எண்ணெய், ஒரு ராத்திரி விடு. மரம் குடிக்காம பார்த்துக்கோ. எந்த அச்சு எந்தக் கீக்குன்னு காகிதத்துல குத்தி வை, எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும், ஒண்ணுக்கு ஒண்ணு சேராது.

மேல்விஷாரம் தோல் · மே 9, மதியம் 2.15

பேட் பேச்சு வந்ததால உள்ள வர்றேன். நமக்குச் சங்கீதம் பூஜ்யம், தோல் மட்டும் தெரியும். என்ன மாதிரி தோல் வேணும், சொல்லுங்க. ஆட்டுத்தோல் ஊர்ல உட்கார்ந்துகிட்டு அரை அங்குல வட்டத்துக்கு அலையறீங்களே!

தொரப்பாடி குழல் · மே 9, மாலை 6.30

பாய், நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த மாதிரி குழலோட கீ மூடி தட்டையா இருக்காது, உப்புக் கரண்டி மாதிரி குழிஞ்சிருக்கும். அதுக்குப் பழைய முறை சுருக்குப்பை பேட். மெல்லிசான ஆட்டுத்தோலை வட்டமா வெட்டி, ஓரம் சுத்தித் தையல் ஓட்டி, நடுவுல கம்பளியை அடைச்சுச் சுருக்கு இழுத்துக் கட்டினா ஒரு குட்டி உருண்டை வரும். பாட்டிங்க இடுப்புல செருகற சுருக்குப்பையேதான், வெத்தலைக்குப் பதிலா கம்பளி. அந்த உருண்டையை அரக்குல ஒட்டிக் குழியில உட்கார வைக்கணும்.

வேண்டியது அரை மில்லிமீட்டர் தடிமன், சாயம் இல்லாதது, மேல பளபளப்புப் பூச்சு இல்லாதது, காத்து புகாதது.

மேல்விஷாரம் தோல் · மே 9, இரவு 8.50

அப்ப ஷூவுக்கு உள்பக்கம் போடற லைனிங் தோல். வெள்ளாட்டுத் தோலே கேளுங்க. செம்மறி சொதசொதன்னு இருக்கும், மேல்தோலும் அடித்தோலும் பிரிஞ்சு வரும். துண்டுத் தோலை எடை போட்டு விக்கற இடம் ஆம்பூர்லயும் ராணிப்பேட்டையிலும் இருக்கு. கால் கிலோ வாங்கினா உங்க பேரன் காலம் வரைக்கும் பேட் போடலாம்.

காத்து புகுமான்னு பார்க்க நாங்க செய்யறதைச் சொல்றேன். காலி பேனாக் குழாய் நுனியில தோலை இறுக்கிப் பிடிச்சு மறுநுனியில உறிஞ்சு பாருங்க. தோல்லயே நேரா வாயை வச்சுடாதீங்க, பதனிட்ட சரக்கு, மருந்து இருக்கும். முதுகுப் பக்கத்துத் தோல் நெருக்கமா இருக்கும், வயித்துப் பக்கம் தளர்ச்சி. ஒரே தோல்ல ரெண்டு குணம்.

தம்பி வர்றதுன்னா ஞாயித்துக்கிழமை வாங்க. வெள்ளிக்கிழமை நான் இருக்க மாட்டேன்.

லாங்பஜார் வாட்ச் · மே 10, காலை 10.10

ஜி ஷார்ப் ஸ்பிரிங் பத்தி யாருமே பேசலையே. தட்டை ஸ்பிரிங்தானே, கீயோட அடியில ரிவெட் அடிச்சது? பழைய சுவர்க் கடிகாரத்து மெயின் ஸ்பிரிங் எங்கிட்ட டப்பா நிறைய கிடக்கு. அகலம் ஜாஸ்தின்னா சாணையில தேய்ச்சுக்கலாம், தேய்க்கறப்ப தண்ணியில தோய்ச்சுத் தோய்ச்சு எடுக்கணும், சூடு ஏறினா மொடமொடப்பு போயிடும். துளை போடற முனையை மட்டும் பழுக்கக் காய்ச்சித் தானா ஆறவிட்டா இளகும், இல்லாட்டி டிரில் பிட்டுதான் ஒடியும்.

விறைப்பு போதலைன்னா ரிவெட் பக்கத்துல மடக்காதே. அங்கதான் ஒடியும். ஸ்க்ரூடிரைவர் தண்டுமேல வச்சு நீளம் முழுக்க மெல்ல வளைச்சு விடு. நுனி மரத்துல உரசற இடத்துல பென்சில் கரி தேய்.

விரிசல் விட்ட வாலை எந்த உலோகம்னு பார்த்தீங்களா?

பாலாற்றங்கரை · மே 12, இரவு 10.45

நேத்து பூரா இதே வேலைதான். காலையில மேல்விஷாரம். பாய் பிரியாணி போட்டுட்டுத்தான் தோலைக் காட்டினார், ஒரு கைப்பிடி துண்டு சும்மாவே கொடுத்தார். சாயங்காலம் லாங் பஜார். வாட்ச் அண்ணன் என் கண்ணு முன்னாலேயே ஸ்பிரிங்கைத் தேய்ச்சுக் கொடுத்தார், இருபது ரூபா.

இன்னைக்கு எங்க வீட்டுப் பத்தர்கிட்ட கீயைக் காட்டினேன். உரைகல்லுல ரெண்டு இழுப்பு இழுத்துட்டுச் சிரிச்சார். “வெள்ளின்னு நினைச்சுப் பீரோவுல பூட்டி வச்சியா? ஜெர்மன் சில்வர்பா இது.” செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதானாம். வெள்ளி ஒரு குந்துமணி கிடையாது. பாட்டிகிட்ட இன்னும் சொல்லல.

லாங்பஜார் வாட்ச் · மே 12, இரவு 11.00

ஜெர்மன் சில்வர்னா வெள்ளிப் பொடி வச்சு நெருப்பு ஊதி விரிசலை ஒட்டலாம், நல்லா பிடிக்கும். ஈயப் பற்று மட்டும் வைக்க விடாதே. ஒரு தடவை ஈயம் பட்டா அப்புறம் அந்த இடத்துல கெட்டிப் பற்று நிக்காது. ஊதறதுக்கு முன்னாடி ஸ்பிரிங், பேட் ரெண்டையும் கழட்டிடு. சூடு பட்ட ஸ்பிரிங் வெறும் தகடு.

பாலாற்றங்கரை · மே 18, இரவு 9.30

வேலை முடிஞ்சு, ஆனா முடியலை. பொறுமையா படிங்க.

பத்தர் வெங்காரம் தடவி, பொடி வச்சு, வாயாலயே ஊதிப் பத்த வச்சார். விரிசல் இருந்த இடம் இப்ப எனக்கே தெரியல. ஸ்பிரிங் ரிவெட் அடிச்சாச்சு, ஜி ஷார்ப் ‘டக்’னு மூடுது. எஃப் கீ ரெண்டுலயும் சூப்பர் க்ளூ நெயில் பாலிஷ் ரிமூவர்ல ஊற வச்சதும் விட்டுது (கீயைத் தனியா கழட்டி வச்சுத்தான், மரத்துல ஒரு சொட்டு படல). சுருக்குப்பை பேட் தைக்கறதுக்கு அம்மா உதவி. முதல் மூணு கொழுக்கட்டை மாதிரி வந்துச்சு. நாலாவதுல இருந்து சரி. ஆசை விடல, ஒழுகாத சி, பி ஃப்ளாட்டையும் மாத்திட்டேன். டி ஷார்ப்பும் சேர்த்து அஞ்சு பேட்.

மூடியைக் கவுத்துப் பிடிச்சு அடியில லைட்டர் காட்டி, அரக்கு இளகினதும் பேடை உட்கார வச்சு, உடனே குழல்ல மாட்டி அழுத்திப் பிடிச்சேன். பூ நூலால சுத்தி ராத்திரி பூரா விட்டேன். காலையில தோல்ல வட்டமா தடம் விழுந்திருந்தது, வளையல் தடம் மாதிரி. தாள் நாலு பக்கமும் பிடிக்குது.

இவ்வளவும் பண்ணி வலது கைத் துண்டை உறிஞ்சினா, ரெண்டு செகண்ட். அதுக்கு மேல நிக்கல. டி வருது, ஆனா நோயாளி.

அரக்கோணம் கிளாரினெட் · மே 18, இரவு 10.15

நல்லா இருந்த ரெண்டு பேடை ஏன்பா மாத்தின? சரி, விடு. கை அரிக்கும், தெரியும்.

தாள் பிடிக்குது, காத்து போகுதுன்னா பேட் குத்தவாளி இல்ல. பேட் உட்கார்ற விளிம்பைப் பார்த்தியா? மரத்துல செதுக்கின அந்த வட்ட விளிம்புல ஒரு பல்லு போயிருந்தா போதும்.

தொரப்பாடி குழல் · மே 19, காலை 7.20

விளிம்பு, இல்லாட்டி மரமே. கத்திரி வெயில் நடக்குது, வெளியில 40 டிகிரிக்கு மேல. அறைக்குள்ள ஈரப்பதம் பாதிக்கும் கீழ இறங்கியிருக்கும். மரம் சுருங்கும் நேரம். இத்தனை வருஷம் கம்பளிக்குள்ள கிடந்த மரம் இப்பத்தான் ஃபேன் காத்துல இருக்கு.

இப்படிப் பாருங்க. வீட்டுல எல்லா ஃபேனையும் நிறுத்துங்க. வலது கைத் துண்டோட கீழ் வாயைக் கார்க் வச்சு அடைச்சுடுங்க. மூணு துளையையும் மூடிக்கிட்டு மேல இருந்து மெதுவா, ஒரே சீரா ஊதுங்க. இன்னொருத்தர் ஊதுபத்தியை ஒவ்வொரு கீயையும் சுத்திக் கொண்டு போகட்டும். புகை எங்க வளையுதோ அங்க ஓட்டை.

பாலாற்றங்கரை · மே 19, இரவு 11.20

மே மாசத்துல வேலூர்ல ஃபேனை நிறுத்தச் சொன்ன முதல் ஆள் நீங்கதான் அக்கா. ரெண்டு பேரும் வேர்வையில குளிச்சுட்டோம்.

ஆனா கண்டுபிடிச்சாச்சு. தங்கச்சி ஊதுபத்தி பிடிச்சா. நெட்டை எஃப் கீ வரைக்கும் புகை நேரா ஏறிச்சு. கீயைத் தாண்டி, புடைப்பு ஓரம் வந்ததும் யாரோ விரலால தள்ளின மாதிரி பக்கவாட்டுல சாஞ்சுது. கீயைக் கழட்டி, டார்ச்சை பக்கத்துல சாய்ச்சுப் பிடிச்சுப் பார்த்தேன். எஃப் துளையோட விளிம்புல ஆரம்பிச்சு, நார் ஓட்டத்தோடயே ஓடி, புடைப்புக்கு அடியில போய் மறையுது ஒரு கோடு. தலைமுடியைவிட மெல்லிசு. பேட் மாத்தறப்ப இது மேலதான் நான் கையை வச்சிருந்தேன், அழுக்குக் கோடுன்னு நினைச்சு விட்டிருக்கேன்.

இப்பவே சூப்பர் க்ளூ விட்டுடவா? (ஆமா, அந்தக் கடையைத் திட்டினவன்தான் கேக்கறேன்.)

அரக்கோணம் கிளாரினெட் · மே 20, காலை 5.50

விரிசலுக்குத் தண்ணி மாதிரி இருக்கற மெல்லிசு க்ளூ நாங்களும் விடறதுதான். பேடுக்கு அதை வச்சதுதான் தப்பு, அடுத்த தடவை பேட் மாத்தணும்ல? விரிசலைத் திரும்பத் திறக்கவா போற? ஊசி முனையில விடு.

தொரப்பாடி குழல் · மே 20, காலை 8.40

இப்ப விடாதீங்க. இதுல கிளாரினெட் ஐயாவோட எனக்குக் கருத்து வேறுபாடு. விரிசல் வாய் திறந்து நிக்கற மாசம் இது. இப்ப க்ளூ விட்டா திறந்த நிலையிலேயே கல்லா இறுகிடும். மழைக் காலத்துல மரம் விரியறப்ப அந்த இடம் விட்டுக்கொடுக்காது, பக்கத்துல இன்னொரு கோடு விழும்.

முதல்ல ஈரம் ஊட்டுங்க. சோப்பு டப்பா ஒண்ணுல சுத்தி ஓட்டை போட்டு, நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பாஞ்ச் வைங்க. குழல் துண்டுகளைப் பிரிச்சு, கீயெல்லாம் கழட்டி, ஒரு பெரிய பாலிதீன் பைக்குள்ள டப்பாவோட சேர்த்துக் கட்டி வைங்க. ஸ்பாஞ்ச் மரத்தைத் தொடக்கூடாது. தினம் ஒரு தடவை திறந்து காத்தாட விடுங்க, இல்லாட்டி பூஞ்சை பிடிக்கும். விரிசல் தானா வாய் மூடினப்புறம் மெல்லிசு க்ளூ ஒரு சொட்டு விட்டா அதுவே உறிஞ்சிக்கும். விளிம்புல மிஞ்சின பள்ளத்துக்கு அரக்கு.

தலைத் துண்டுக்குள்ள உலோகக் குழாய் இருக்கான்னும் பாருங்க. இருந்தா அங்கேயும் கண் வைங்க. மரம் சுருங்கும், குழாய் சுருங்காது. பழைய குழல்கள்ல முதல்ல வெடிக்கறது அங்கதான்.

மூங்கில்வாசி · மே 20, மாலை 5.00

மூங்கிலும் வெயிலில் வெடிக்கும் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் வெடிக்கும் முன்பே நூல் சுற்றிவிடுவோம். கீ இருந்தால் நூல் சுற்ற இடமேது?

அரக்கோணம் கிளாரினெட் · மே 20, இரவு 7.30

அக்கா சொல்றது நியாயம்தான். நாங்க ராத்திரி கச்சேரிக்கு ஊதி ஆகணும், அதனால அவசரத்துல விடறோம். தம்பிக்கு என்ன அவசரம்.

பாலாற்றங்கரை · ஜூன் 14, இரவு 10.05

மூணு வாரம் ஆச்சு. தலைத் துண்டுல உலோகக் குழாய் இருக்கு, நல்லவேளை வெடிப்பு இல்ல. எஃப் விரிசல் பத்தாம் நாள்லயே கண்ணுக்கு மங்கலாச்சு, இருபதாம் நாள் நகத்தால தடவினாலும் தட்டுப்படல. அதுக்கப்புறம்தான் ஊசி முனையில ஒரு சொட்டு விட்டேன். கோடு பூரா ஒரு நொடி கறுத்துட்டு மறைஞ்சுது, உள்ள இழுத்துக்கிச்சு. விளிம்புல இருந்த சின்னப் பள்ளத்துக்கு அரக்கு வச்சு, தட்டையா வெட்டின பென்சில் அடியில உப்புத்தாள் ஒட்டி மெதுவா சமன் பண்ணினேன்.

நேத்து கீயெல்லாம் மாட்டி உறிஞ்சினேன். நாக்கை விட மாட்டேங்குது! எட்டு செகண்ட் எண்ணிட்டு நானே விட்டேன்.

டி வந்துடுச்சு. என்ன சொல்றது, ஹால்ல இருந்த எவர்சில்வர் டம்ளர் அதிர்ந்துச்சு. பாட்டி உள் ரூம்ல இருந்து “யார்ரா அது”ன்னு கேட்டுச்சு. தினம் பத்து நிமிஷத்துக்கு மேல ஊதறதில்ல.

கடைசித் துண்டு குமிழ் கரிச் சோதனையில முழு வட்டம். அழுக்கு மட்டும்தான் பிரச்சினை.

தொரப்பாடி குழல் · ஜூன் 14, இரவு 10.20

ரொம்ப சந்தோஷம். பத்து நிமிஷமே சரி, வாரம் ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷம் கூட்டுங்க. ஊதி முடிச்சதும் உள்ள துடைச்சு, ஈரம் ஒட்டின பேடுல சிகரெட் தாளை ஒத்தி எடுங்க. பாலிஷ் மட்டும் வேண்டாம். புளி, எலுமிச்சை எதுவும் கீ பக்கம் போகக்கூடாது, அச்சுத் துளையில இறங்கினா அரிக்கும். வெறும் மெல்லிசுத் துணி போதும்.

மேல்விஷாரம் தோல் · ஜூன் 15, காலை 9.00

மாஷா அல்லாஹ். ஷூவுக்குள்ள போய் மிதிபட வேண்டிய தோல்.

அரக்கோணம் கிளாரினெட் · ஜூன் 15, காலை 9.25

பாய், அந்தத் தோல் துண்டு இன்னும் இருக்கா? என் கிளாரினெட்ல மேல ஏ கீ பேட் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிஞ்சு போகுது. கடையில வாங்கறது மெல்லிசு சவ்வு, ஆவணி முகூர்த்தம் வரைக்கும்கூடத் தாங்காது.

மேல்விஷாரம் தோல் · ஜூன் 15, காலை 9.40

இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க. சாப்பிட்டுட்டு வராதீங்க.

பாலாற்றங்கரை · ஜூன் 15, இரவு 8.15

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஜி ஷார்ப் மூடறப்ப ‘டக் டக்’னு சத்தம் ஜாஸ்தி வருது, மெதுவா ஊதறப்ப குழலைவிட அதுதான் கேக்குது. ஸ்பிரிங் விறைப்பா, வால் மரத்துல இடிக்குதா?

லாங்பஜார் வாட்ச் · ஜூன் 15, இரவு 8.50

வாலுக்கு அடியில கார்க் இருந்திருக்கும், பத்தர் ஊதறப்ப கருகிப் போயிருக்கும். ஒரு மில்லிமீட்டர் கார்க் வெட்டி ஒட்டு. கடையில இருக்கு, நாளைக்குப் பதினோரு மணிக்கு மேல வா.